சத்துவாச்சாரி கியர்பாக்ஸ் மெக்கானிக் கடை: என் அனுபவம்

ஏலகிரி மலையில் ஒன்பதாவது வளைவு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, என் ஆட்டோமேட்டிக் கார் ஏற மாட்டேன் என்கிறது. காலையில் டி-யில் (டிரைவ்) போட்டால் மூன்று எண்ணும்வரை அசையாது, பிறகு 'டொக்'. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் திறந்துகூடப் பார்க்காமல் கியர்பாக்ஸே மாற்றணும், 1.6 லட்சம் என்றார்கள்.

நண்பர் சொல்லி இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். மெக்கானிக் முதலில் கிரீன் சர்க்கிள் வரை தானே ஓட்டிப் பார்த்தார். ஸ்கேனரில் எரர் கோடு (கோளாறைக் காட்டும் code) எதுவும் வரவில்லை. "கோடு இல்லன்னா கோளாறு இல்லன்னு இல்லண்ணா" என்றபடி, இன்ஜின் ஓடும்போதே, சூட்டோடு கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்: சிவப்பாக இருக்க வேண்டியது டீ டிகாக்ஷன் நிறத்தில். லேசாகத் தீய்ந்த வாசனை. நல்லவேளை, இரும்புத்தூள் இல்லை. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ஹோஸில் கசிவு. ஆயில் குறைந்து, பிரஷர் போதாமல் உள்ளே கிளட்ச் வழுக்கியிருக்கிறது.

ஹோஸ், ஆயில், ஃபில்டர், கூலி சேர்த்து 11,400 ரூபாய். இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் ஆக்கினார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதுவும் வேலூர் வெயிலில். பில்லைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார். போன ஞாயிறு மறுபடி ஏலகிரி போனேன். 14 வளைவும் மூச்சு வாங்காமல் ஏறியது.