கம்ப்யூட்டர் ஆள் யாருக்குக் கீழே? அமெரிக்கப் படைவீரர் நலத்துறை முயன்று பார்த்த வழிகள்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஒரு செவிலியரின் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. சரிசெய்ய ஒருவர் வருகிறார். அவருக்கு மேலதிகாரி யார்? அந்த மருத்துவமனையின் இயக்குநரா, தலைநகரில் உட்கார்ந்து துறையின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கும் தலைமைத் தகவல் அதிகாரியா? கேட்க மிகச் சின்ன விஷயமாகத் தெரியும். பெரிய அரசுத் துறைகளில் வருடக்கணக்காக நடக்கும் சண்டை இதைப் பற்றித்தான்.

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மருத்துவமனைகள், ஓய்வூதியமும் உதவித்தொகையும், படைவீரர் கல்லறைத் தோட்டங்கள் என்று மூன்று தனி நிர்வாகங்கள் ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. மருத்துவமனைகள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல். ஒவ்வொரு வழியையும் இந்தத் துறை மாற்றி மாற்றி முயன்று பார்த்திருக்கிறது. அதனால் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

அவரவர் கையில்

1970-களின் கடைசியில் துறையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மைய அலுவலகத்தின் பிடியில் இருந்தன. மருத்துவமனைகளில் இருந்த சில மருத்துவர்களும் புரோகிராமர்களும் 'மம்ப்ஸ்' என்ற மொழியில், சிறிய கம்ப்யூட்டர்களில், தங்கள் வார்டுக்குத் தேவையான சாஃப்ட்வேரைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். மைய அலுவலகம் தடுத்தது. அவர்கள் அடங்கவில்லை, ஓரளவு மறைவாகவே வேலையைத் தொடர்ந்தார்கள். 1982-ல் துறையின் தலைமையே இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. பெயரிலேயே 'பரவலாக்கப்பட்ட' என்ற சொல் இருந்த அந்த மருத்துவமனை கம்ப்யூட்டர் திட்டம்தான் பிறகு நோயாளிப் பதிவேடுகளை வைத்திருக்கும் 'விஸ்டா' சாஃப்ட்வேர் ஆனது.

இந்த வழியின் பலத்துக்கு ஒரே ஒரு சம்பவம் போதும். கான்சஸ் மாநிலம் டொபீகாவில் இருந்த படைவீரர் மருத்துவமனையின் செவிலியர் ஒருவர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த ஊழியர் பார்கோடு கருவியால் கணக்கு முடிப்பதைக் கவனித்தார். காருக்குச் செய்வதை மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் ஸ்கேன் செய்து, சரியான ஆளுக்குச் சரியான மருந்துதானா என்று படுக்கை அருகிலேயே சரிபார்க்கும் முறை அந்த மருத்துவமனையில் அப்படித்தான் பிறந்தது. பின்னர் நாடு முழுவதும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் போனது. யோசனை வந்த இடமும் புரோகிராமர் இருந்த இடமும் ஒரே கட்டடம் என்பதால்தான் இது நடந்தது. இதே யோசனை ஒரு விண்ணப்பப் படிவமாகத் தலைநகருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, அந்த ஊரின் படைவீரர் மருத்துவமனை நோயாளிகளின் பதிவேடுகள் விஸ்டாவில் இருந்ததால் சில நாட்களிலேயே மற்ற ஊர்களில் கிடைத்தன. ஊரில் பல நோயாளிகளின் காகிதப் பதிவேடுகள் தண்ணீரோடு போன நேரம் அது.

சரி, பலவீனம்? நிறைய உண்டு. ஒரே விஸ்டா என்று பெயர், நடைமுறையில் சுமார் 130 விஸ்டாக்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வசதிக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டது. உள்ளூரில் எழுதியதை 'கிளாஸ் த்ரீ' சாஃப்ட்வேர் என்பார்கள். அதை எழுதியவர் ஓய்வு பெற்றால் பராமரிக்க ஆள் இருக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து பாதுகாப்பில் இருந்தது. தலைமைத் தகவல் அதிகாரி பாதுகாப்பு விதிகளை எழுதலாம். மூன்று நிர்வாகங்களையும் அதற்குக் கட்டுப்பட வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பணம் அவர்கள் கையில், ஆட்கள் அவர்கள் கையில், இவர் கையில் வெறும் சுற்றறிக்கை.

பாதி இங்கே, பாதி அங்கே

2004-ல் ஃபுளோரிடாவின் பே பைன்ஸ் மருத்துவமனையில் நடந்ததுதான் மாற்றத்துக்கு ஒரு தூண்டுதல். நிதிக் கணக்கையும் பொருள் கொள்முதலையும் ஒன்றாக்கும் 'கோர் எஃப்.எல்.எஸ்.' என்ற 47.2 கோடி டாலர் திட்டத்தை அங்கே சோதித்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கான பொருட்கள் நேரத்துக்கு வந்துசேரவில்லை, அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்கள். இது மருத்துவமனைகள் தன்னிச்சையாகச் செய்த வேலை அல்ல, தலைமையகம் தேர்ந்தெடுத்துக் கீழே அனுப்பியது. ஆனாலும் 'கம்ப்யூட்டர் நிர்வாகம் சிதறிக் கிடக்கிறது, ஒன்றாக்குங்கள்' என்ற குரலுக்குத்தான் இது பலம் சேர்த்தது.

வெளி ஆலோசகர்களை வைத்து ஆராய்ந்தபோது முழு மையப்படுத்தலே பரிந்துரையாக வந்தது. அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி ராபர்ட் மெக்ஃபார்லண்டும் அதையே விரும்பினார். மருத்துவமனைத் தரப்பு எதிர்த்தது. 2005 அக்டோபரில் துறைச் செயலர் ஜிம் நிக்கல்சன் நடுவழியைத் தேர்ந்தெடுத்தார். சர்வர், நெட்வொர்க், அன்றாடப் பராமரிப்பு, பாதுகாப்பு ஆகியவை தலைமைத் தகவல் அதிகாரியிடம். சாஃப்ட்வேர் உருவாக்கம் அந்தந்த நிர்வாகத்திடம். இதைக் கூட்டாட்சி முறை என்று சொல்லலாம். நாடாளுமன்றத்தின் கீழவைக்கு இது போதவில்லை. அடுத்த மாதமே முழு மையப்படுத்தலைக் கோரும் மசோதாவை எதிர்ப்பு வாக்கே இல்லாமல் நிறைவேற்றியது. 2006 வசந்த காலத்தில் மெக்ஃபார்லண்ட் பதவி விலகினார்.

என் கணிப்பில் இந்த மூன்று நான்கு வழிகளில் மிக நல்லது இதுதான். காரணம் எளிமையானது. சர்வர் பராமரிப்பும் சாஃப்ட்வேர் எழுதுவதும் அடிப்படையிலேயே வேறு வேறு வேலைகள். சர்வர் எங்கே இருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. அது ஒரே மாதிரி இருப்பதுதான் நல்லது. மருந்துத் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது வார்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். குறியாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது), கடவுச்சொல், பேக்கப், மின்தடை வந்தால் மாற்று வழி, இவற்றை 150 மருத்துவமனைகளும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ஒருவர் உத்தரவிட்டு எல்லாரும் கேட்க வேண்டிய விஷயங்கள் இவை.

இதற்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். பிளவு எங்கே விழுகிறதோ அங்கே பழி போடும் விளையாட்டு தொடங்கும். சாஃப்ட்வேர் மெதுவாக ஓடினால் 'சர்வர் பிரச்சினை' என்று ஒருவரும், 'உங்கள் புரோகிராம் பிரச்சினை' என்று இன்னொருவரும் சொல்வார்கள். எல்லைக்கோட்டைத் தெளிவாக எழுதி வைக்காவிட்டால் கூட்டாட்சி முறை, யாரும் பொறுப்பேற்காத முறையாகிவிடும். அதைச் சரிசெய்ய வருடங்கள் வேண்டும். துறைக்குக் கிடைத்தது சில மாதங்கள்.

எல்லாம் ஒரே கையில்

2006 மே 3 அன்று மேரிலாந்தில் துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு நடந்தது. லேப்டாப்பும் கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் போயின. அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் படைவீரர்களின் பெயர், பிறந்த தேதி, அமெரிக்கர்களுக்கு அடையாள எண் போலப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண் போன்ற விவரங்கள் இருந்தன. துறைச் செயலருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததே 13 நாள் கழித்து. மக்களுக்குத் தெரிந்தது மே 22-ல். ஜூன் கடைசியில் கருவிகள் கிடைத்துவிட்டன, யாரும் தகவலைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் இல்லை என்றார்கள். ஆனாலும் படைவீரர்கள் தரப்பில் போட்ட வழக்கை முடிக்க 2009-ல் 2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த அதிர்ச்சியில் கூட்டாட்சி முறை அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் சாஃப்ட்வேர் உருவாக்கத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர முடிவானது. 2007-க்குள் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி வேறு மேலதிகாரிக்கு மாறினார்கள். அதே 2006 கோடையில்தான் விஸ்டாவுக்கு ஹார்வர்டு கென்னடி பள்ளியின் அரசுப் புதுமை விருது கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனவர் தொலைதூர மருத்துவமனையின் புரோகிராமர் அல்ல, தலைமையகத்தில் தரவு ஆய்வு செய்தவர். நோய் பாதுகாப்பு அதிகாரத்தில் இருந்தது. அதற்கான மருந்து கூட்டாட்சி முறையிலேயே இருந்தது. திருட்டு நடந்த சில மாதங்களிலேயே, ஆகஸ்டில், எல்லா லேப்டாப்களையும் குறியாக்கம் செய்யும் வேலை உத்தரவு போட்டுத் தொடங்கிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதுபவர்களை இடம் மாற்ற வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

மையப்படுத்தல் எதில் வென்றது? பாதுகாப்பில், சந்தேகமில்லை. கணக்குக் காட்டுவதிலும் வென்றது. 2009-ல் வந்த தலைமைத் தகவல் அதிகாரி ராஜர் பேக்கர், தாமதமாகவும் செலவு மிஞ்சியும் ஓடிக்கொண்டிருந்த 45 திட்டங்களை ஒரே அறிவிப்பில் நிறுத்தி வைத்தார். பழைய முறையில் அந்த 45-ஐயும் ஒரே பட்டியலாகப் பார்க்கக்கூட யாராலும் முடிந்திருக்காது. வெளிநோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் புதிய சாஃப்ட்வேருக்காக 9 ஆண்டுகளில் 12.7 கோடி டாலர் செலவழித்தும் ஒன்றும் தேறாத திட்டத்துக்கு முடிவு கட்டியதும் அந்தக் காலத்தில்தான்.

தோற்றது எதில்? 2007 ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை காலை. மருத்துவமனைகளின் சர்வர்களை வட்டார டேட்டா சென்டர்களுக்கு நகர்த்திக்கொண்டிருந்த நேரம். சாக்ரமெண்டோ மையத்தில் நெட்வொர்க் அமைப்பில் முறையான அனுமதி இல்லாமல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வடக்குக் கலிஃபோர்னியா பக்கத்தில் 17 மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகள் சுமார் 9 மணி நேரம் இருட்டில் போயின. டென்வரில் இருந்த மாற்று மையத்துக்கு மாறவும் இல்லை, பிரச்சினை அங்கேயும் தொற்றிவிடுமோ என்று பயந்தார்கள். மருத்துவர்கள் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார்கள். நோயாளிகளின் பாதுகாப்புக்கு இந்தத் துறை இதுவரை கண்ட தொழில்நுட்ப ஆபத்துகளில் இதுவே பெரியது என்று ஒரு மருத்துவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். முன்பு ஒரு சர்வர் விழுந்தால் ஒரு மருத்துவமனை நிற்கும். இப்போது ஒன்று விழுந்தால் பதினேழு.

விழுந்ததைத் தூக்கி நிறுத்திவிடலாம், அது ஒரு நாள் விவகாரம். நான் கவலைப்படுவது மெல்ல நடந்த இழப்பைப் பற்றி. நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனி நிதிக் கணக்கு திறந்துவிட்டதால், மருத்துவப் பணத்தில் ஒரு கிளினிக்கைக் கட்டலாம், அதற்குள் வைக்கும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். வார்டில் வரும் யோசனையை எழுதிக் கொடுக்க வேண்டும், அது நாடு முழுவதற்குமான முன்னுரிமைப் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். முன்பு தாழ்வாரத்தில் நின்று பேசி முடித்த விஷயம் இது. 2014-ல் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருந்த நாட்களைக் குறைத்துக் காட்டிய காத்திருப்புப் பட்டியல் மோசடி வெடித்தபோது, நேரம் ஒதுக்க அங்கே 1980-களின் சாஃப்ட்வேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. மோசடிக்கு சாஃப்ட்வேரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. ஆனால் மையப்படுத்தி ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் அதே பழைய திரைதான் இருந்தது.

தனி அலுவலகம், வெளியில் வாங்கியது

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் கதை இன்னும் முடியவில்லை. 2018 மே மாதம் விஸ்டாவுக்குப் பதிலாக செர்னர் நிறுவனத்தின் மருத்துவப் பதிவேட்டை வாங்க 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதை நடத்தத் தனி அலுவலகம் வந்தது. அது தலைமைத் தகவல் அதிகாரிக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வெளியே, துணைச் செயலருக்கு நேரடியாகப் பதில் சொன்னது. பெரிய திட்டம், தனி அணி, குறுக்கீடு இருக்காது என்ற கணக்கு.

2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் முதலில் இயங்கத் தொடங்கியது. மருத்துவர்கள் எழுதிய ஆணைகளில் 11,000-க்கும் மேற்பட்டவை யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வரிசையில் போய் விழுந்ததையும், அதனால் 149 நோயாளிகளுக்குப் பாதிப்பு ஏற்பட்டதையும் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022-ல் வெளியிட்டது. ஐந்து மருத்துவமனைகளோடு நிறுத்தி, 2023 ஏப்ரலில் விரிவாக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். சாஃப்ட்வேரின் குறையையும் அமைப்பின் குறையையும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பொறுப்பை இரண்டு பக்கத்திலும் வெட்டிவிட்ட ஓர் அலுவலகத்துக்கு, வார்டில் என்ன நடக்கிறது என்பது தாமதமாகத்தான் தெரியும்.

இன்று ஒரு பெரிய துறை என்னிடம் வந்து எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால், 2005-ன் நடுவழியைத்தான் சொல்வேன், மூன்று திருத்தங்களோடு. பாதுகாப்பு விதியை மீறும் எந்தக் கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் தலைமைத் தகவல் அதிகாரிக்கு முதல் நாளே வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய ஒரு சிறு மென்பொருள் நிதியும், அதே கட்டடத்தில் நாற்காலி போட்ட இரண்டு புரோகிராமர்களும் வேண்டும். அப்புறம், அவர்கள் எழுதியது இன்னொரு மருத்துவமனையிலும் ஓடத் தொடங்கிய உடனே அதன் பராமரிப்பை மையம் எழுத்து மூலம் ஏற்க வேண்டும். 'கிளாஸ் த்ரீ' சாஃப்ட்வேர் அனாதையானது அந்த ஒரு கையெழுத்து இல்லாமல்தான்.