கதையா, காணொளியா?

வீடியோ பாடமா, கதைக்குள் நுழைந்து ஆடும் பாடமா என்று கேட்டால் எங்கள் எட்டாம் வகுப்பில் எல்லாக் கையும் கதைக்குத்தான் உயரும். எதில் பிள்ளைகள் தாங்களாகப் படிக்கப் பழகுகிறார்கள் என்றால், பென்னாகரம் பக்கம் அறிவியல் நடத்தும் எனக்கே சட்டென்று பதில் வராது.

வீடியோவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மணற்கேணி மாதிரியான செயலிகளில் பாடம் சின்னத் துண்டுகளாக, தெளிவாக இருக்கிறது. புரியாவிட்டால் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் தனக்குப் புரியவில்லை என்பது முதலில் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே! தலையாட்டிக்கொண்டே பார்த்து முடிப்பவர்கள்தான் அதிகம்.

கதைப் பக்கம் பேர்போனது, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிரிஸ்டல் ஐலண்ட்'. ஒரு தீவில் ஆராய்ச்சியாளர்களுக்கு நோய். ஆட்களை விசாரித்து, உணவைச் சோதித்து, மாணவர் துப்பறிய வேண்டும். 2008-ல் அதை உருவாக்கிய குழுவே வெளியிட்ட ஆய்வில், கதை ஆர்வத்தைக் கூட்டியது. பாட அறிவில் ஸ்லைடு பார்த்துப் படித்தவர்களே முந்தினார்கள். மறைக்காமல் சொன்னார்களே, அதற்கே ஒரு சபாஷ்.

அந்த ஆட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நமக்கோ ஊர்க்கதையே இருக்கிறது: நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு. பள்ளிக் கணினியில் சில ஸ்லைடுகளை இணைத்து ஒரு துப்பறியும் கதை செய்தேன். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, ஆறு போர்வெல், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியது எது?

முதல் நாள் ஒரு பையன் ஆறு போர்வெல்லையும் வரிசையாகத் தட்டிச் சோதித்து, "சார், முடிச்சிட்டேன்" என்றான். இரண்டே நிமிடம். யோசிக்க அவனுக்கு வேலையே வைக்கவில்லை நான். மறுநாள் போர்வெல்களின் அளவுகளை மாற்றி, இரண்டு சோதனைக்கு மேல் கிடையாது என்றேன். அதே பையன் நோட்டை எடுத்துக் கட்டம் போட்டான்: யாருக்குக் கறை, யார் வீட்டில் எந்தத் தண்ணீர், யார் போர்வெல்லை விட்டு ஒகேனக்கல் ஆற்றுக் குழாய்த் தண்ணீர் குடிப்பவர்.

திட்டமிடல், செய்யும்போதே கண்காணித்தல், முடிந்தபின் திரும்பிப் பார்த்தல் என்று சுயநெறிக் கற்றலுக்கு, அதாவது தன்னைத் தானே நடத்திப் படிப்பதற்கு, மூன்று கட்டம் சொல்வார் கல்வி உளவியலாளர் பேரி சிம்மர்மன். முதல் இரண்டையும் கதை அல்ல, அந்தக் கட்டுப்பாடுதான் வரவழைத்தது என்பேன். மூன்றாவதற்குக் கதை உதவவே இல்லை. விடை கிடைத்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நம் பையனுக்கு இரண்டு சோதனையும் தவறிப்போனது. பாறையிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைவதைக் காட்டும் வீடியோவை அப்போதுதான் போட்டேன். பாதியில் கை தூக்கினான்.

"சார், அந்தப் பாறை வர்ற எடத்த இன்னொருக்கா போடுங்க."