பியட்டுக்குப் பெயின்ட்: கண்ணாடியைக் கழற்றிய கடை

ஆர்சி புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1986. பியட் காரைத்தான் இங்கே அந்தப் பெயரில் செய்தார்கள்; எங்கள் வீட்டில் எப்போதும் அது பியட்தான். 2003இல் அப்பா பெயின்ட் அடித்தபோது முன் கண்ணாடியைச் சுற்றி டேப் ஒட்டி, பேப்பர் போட்டு மூடி அடித்தார்கள். ரெண்டே வருஷத்தில் ரப்பர் ஓரமாகப் பெயின்ட் செதில் செதிலாக எழும்பியது. அதனால் இந்த முறை போன கடையில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன்: கண்ணாடியைக் கழற்றுவீர்களா? மூன்று இடத்தில் "தேவையே இல்ல மேடம், மாஸ்கிங் பண்ணிடலாம்" என்றார்கள்.

நான்காவது, சென்னை புதுப்பேட்டை பக்கம் போர்டே இல்லாத ஒரு ஷெட். அங்கே கடைக்காரர் பாய் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கழட்டாம அடிச்சா மூஞ்சி கழுவாம பவுடர் போட்ட மாதிரிம்மா" என்றார். கழற்றி மாட்ட 1,500 ரூபாய் தனி. அங்கேயே விட்டுவிட்டேன்.

கழற்றிய அன்று பக்கத்திலேயே நின்றேன். ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. அதைக் காப்பாற்றப் பார்க்காமல் பிளேடால் ரப்பரின் ஓர உதட்டை அறுத்து எடுத்தார். "ரப்பர் போனா ரெண்டு கடை தள்ளி கிடைக்கும். கண்ணாடி போனா நீங்கதான் அலையணும்." பழைய டெம்பர் கண்ணாடி, ஓரத்தில் ஸ்குரூடிரைவர் பட்டால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்துவிடும். அதனால் கண்ணாடியில் இரும்பே படவிடவில்லை. உள்ளே உட்கார்ந்து மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். வெளியே ரெண்டு பையன்கள் கோணிச்சாக்கோடு ஏந்தி நின்றார்கள்.

கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. கீழ் மூலை ரெண்டும் துரு. டிரைவர் பக்கம் விரலால் குத்தினாலே ஓட்டை. ரப்பருக்கு அடியில் இத்தனை வருஷம் மழைத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. அதற்கு மேலேதான் போன தடவை பளபளவென்று அடித்திருக்கிறார்கள்! நீலத்துக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிரீம் கலர் தெரிந்தது. கம்பெனிக் கலர். நான் பார்த்ததே இல்லை. துருவை வெட்டி, தகடு வைத்து வெல்டிங், அப்புறம் பிரைமர். இதற்கு 4,000 கூடுதல், வாக்குவாதம் பண்ணவில்லை.

கழற்றிய ஸ்குரூ, கிளிப் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, "டிரைவர் சைடு பின் டோர்" என்று டேப்பில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு ஸ்குரூ குறையவில்லை.

இனி குறை. பக்கவாட்டில் அழகுக்கு ஓடும் மோல்டிங் பட்டைகளைப் பாய் மரத்துண்டில் துணி சுற்றி, கிளிப் கிளிப்பாக நெம்பி எடுத்தார். அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் ஒரு பையன் அவசரப்பட்டு முன் பட்டையை ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டான். நடுவில் மடிந்துவிட்டது. தட்டி நிமிர்த்தினார்கள், ஆனால் மெல்லிய பட்டை மடிந்தால் மடிந்ததுதான். சாய்வெயிலில் பார்த்தால் இன்னும் தெரிகிறது. 500 ரூபாய் குறைத்துக்கொண்டார். அந்தப் பட்டைக்கு அது ஈடில்லை.

மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. போன் எடுக்கமாட்டார்; நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும்.

திரும்ப மாட்டியது சுத்தமான வேலை. புது ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க உதடு தானாக ஏறி உட்கார்ந்தது. ஆனாலும் முதல் மழையில் என் முழங்காலில் சொட்டியது. சொன்னதும் மறுநாளே வீட்டுக்கு வந்து, ரப்பரைத் தூக்கி சீலன்ட் விட்டார். காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் ரெண்டு பெருமழை பார்த்தாச்சு, சொட்டவில்லை.

பெயின்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. போகிறவர்கள் மோல்டிங் கிளிப்பை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள். பழையதில் பாதி உடையும். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், அந்த நேரம் பாய் இருக்கமாட்டார், பையன்கள்தான் இருப்பார்கள்.