பரேலும் பாந்திரா–குர்லாவும்: மும்பை மாறிய இரு வழிகள்

உலக மூலதனம் மும்பைக்குள் நுழைந்த இரு வழிகளையும் தாராவித் தமிழர்களாகிய நாங்கள் அருகிருந்தே பார்த்திருக்கிறோம். பஞ்சாலைப் பகுதியான பரேலில் அது பழைய நகரத்தின் மேலேயே அமர்ந்தது. 1982 வேலைநிறுத்தத்திற்குப் பின் நலிந்த பஞ்சாலைகளின் நிலத்தை மாநகராட்சி, வீட்டுவசதி வாரியம், உரிமையாளர் என மூன்றாகப் பங்கிட 1991 நகர வளர்ச்சி விதிகள் வழிவகுத்தன; 2001 திருத்தமோ அந்தப் பங்கீட்டைக் கட்டடமற்ற காலி இடத்துக்கு மட்டும் எனச் சுருக்கியது, 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தொழிலாளர் குடியிருந்த சால்களுக்கு, அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட குடியிருப்புகளுக்கு, நடுவே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. தெருக்கள் மட்டும் அகலவில்லை.

பாந்திரா–குர்லா வளாகம் என்னும் அலுவலகப் பகுதியோ, தென்மும்பை நெரிசலைக் குறைக்க, மித்தி ஆற்றோரச் சதுப்பில் புதிதாகத் திட்டமிடப்பட்டது. சாலைகள் விரிந்தவை, தேசியப் பங்குச் சந்தையும் அங்கேதான் உள்ளது. ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கை ஆறு கொடுத்தது: 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, குறுகிப்போன மித்தி கரைமீறியது.

இரண்டில் பரேலின் இழப்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நகரின் நடுவே திடலுக்கும் எளியோர் வீட்டுக்கும் அவ்வளவு பெரிய நிலம் இனிக் கிடைக்காது. வளாகத்தின் நிலமதிப்போ இப்போது ஆற்றைத் தாண்டி, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தாராவியையும் நெருக்குகிறது.