பி.எஃப். பணம்: எடுப்பதா, மாற்றுவதா?

வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடக் கை துறுதுறுக்கும். என் முதல் வேலையின் மூன்றாண்டுச் சேமிப்பு ஒரு பைக்கானது. பைக் இப்போது இல்லை. ஐந்தாண்டுத் தொடர் பணி முடியுமுன் எடுத்தால் வருமான வரி உண்டு என்பதே பிறகுதான் தெரிந்தது.

புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றினால் பழைய பணிக்காலமும் சேர்த்தே எண்ணப்படும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டுகள் இப்படித்தான் நிறையும். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான யுஏஎன் ஒன்றுதானே, பணம் தானாக வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதியாவிட்டால் மாற்றும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து பி.எஃப். இணையதளத்தில் அந்தத் தேதியை நீங்களே பதியலாம்.

மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்கிறதா? கணக்கை முடிக்க வேண்டியதில்லை, முன்பணம் கேட்கலாம்.