இறக்குமதி உறைவிந்து வாங்குகிறவர்கள் கவனத்திற்கு: 24,000 ரூபாய் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன்.

எங்களிடம் 14 கலப்பினப் பசுக்கள். நல்ல ஹோல்ஸ்டீன் இனக் காளையின் குச்சி (உறையவைத்த விந்து அடைத்த சிறு குழல்) தேடி, இணையத்தில் இறக்குமதி உறைவிந்து விற்கும் ஒருவரைப் பிடித்தேன். முதலில் கேட்டது பிரிட்டன் காளை ஒன்று. குச்சி 700 ரூபாய். அவரோ உடனே ஓர் அட்டவணை அனுப்பினார். பிரிட்டன் காளைக்கு நேரே பால் +600 (பாலுக்கான மரபுத் திறன் மதிப்பு, கிலோவில்). கீழே கனடா காளை, +1,100. அதைச் சுற்றிப் பச்சை வட்டம்.

"அண்ணா, நீங்கள் படித்தவர். எண்ணைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்றார். அந்தப் 'படித்தவர்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். குச்சி 1,200 வீதம் 20 குச்சி, 24,000 ரூபாய். சங்கத்தில் பால் பணம் ஏறிய அன்றே அனுப்பிவிட்டேன்.

இரண்டு பசுக்களுக்குச் சினை ஊசி போட்டு முடித்த பிறகுதான், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் அந்த அட்டவணையைப் பார்த்தார். "இது முழு மதிப்பா, பாதி மதிப்பா?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

பிரிட்டனில் அச்சிடுவது காளை தன் மகளுக்குக் கடத்தும் பாதியை மட்டும். கனடாவில் காளையின் முழு மதிப்பு. 1,100ஐப் பாதியாக்கினால் 550! சரி, அப்படியானால் 600தான் பெரிதா? அதையும் சொல்ல முடியாதாம். ஒவ்வொரு நாடும் தன் பசுக்களின் சராசரியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. ஒருவன் திண்ணையிலிருந்தும் இன்னொருவன் மொட்டை மாடியிலிருந்தும் அளந்தால் எந்தத் தென்னை உயரம்? அமெரிக்கப் பட்டியல் என்றால் இன்னும் வேடிக்கை: அதுவும் பாதி மதிப்பு, அதுவும் பவுண்டில். அவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பூஜ்யத்தையே மாற்றுகிறார்கள். 2025 ஏப்ரலில் மாற்றினார்கள். பழைய பட்டியலைக் காட்டினால் எண் கொழுத்துத் தெரியும்.

இதற்காகவே 1983இல் இன்டர்புல் என்ற, காளை மதிப்புகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் அமைப்பைத் தொடங்கினார்கள். மையம் சுவீடனின் உப்சாலாவில். அங்கே ஒரு காளையின் மதிப்பை அந்தந்த நாட்டின் அளவுகோலில் தனித்தனியாகக் கணித்துத் தருகிறார்கள். மேய்ச்சலை நம்பும் நியூசிலாந்தில் ஒரு காளைக்குக் கிடைக்கும் இடம் கனடாவில் கிடைப்பதில்லை. எங்கள் சித்திரை வெயிலுக்கும் சோளத்தட்டுக்கும் இரண்டு எண்ணும் பதில் சொல்லாது என்பது தனிக் கதை. காளையைக் குறை சொல்லவில்லை, பாவம் அது என்ன செய்யும்?

விற்றவரைக் கூப்பிட்டேன். "இது விஞ்ஞானக் கணக்கு அண்ணா, குழப்பிக்கொள்ளாதீர்கள்." மறுநாள்: "உறைவிந்தைத் திரும்ப எடுப்பதில்லை." மூன்றாவது முறை சொன்னதுதான் உச்சம்: "கன்று பிறந்து, வளர்ந்து, கறக்கட்டும்; அப்புறம் பேசலாம்." அதற்கு மூன்று வருடமாவது ஆகும் தம்பி! என் 24,000 அதுவரை உங்கள் பையில் இருக்குமா? அதோடு என் தொலைபேசி எண்ணை முடக்கிவிட்டார்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கறவை நேரமாகிவிட்டது. இரண்டு நாட்டு எண்களை அருகருகே வைத்துக் காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். கிலோவா பவுண்டா, பாதியா முழுமையா, எந்த மாதப் பட்டியல் என்று கேளுங்கள். இரண்டு காளைக்கும் ஒரே நாட்டு அளவுகோலில் எண் கேளுங்கள். முன்பணம் வேண்டாம். மீதி 18 குச்சி திரவ நைட்ரஜன் கலனில் கிடக்கிறது. நைட்ரஜன் நிரப்புகிற செலவும் இனி என் தலையில்தான்.