125 ஸ்டாக் இல்ல சார்: பைக் வாங்கப் போய் நான் ஏமாந்த கதை

குடியிருப்பது சென்னை மேடவாக்கம், வேலை கிண்டி எஸ்டேட்டில். போக வர 30 கிலோமீட்டர். போகிற வழியில் மனைவியை வேளச்சேரி ரயில் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். அவள் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருபவள். என் உயரம் 5 அடி 4 அங்குலம். இதற்கெல்லாம் ஒரு 125 சிசி வண்டி போதும் என்று தெளிவாகத்தான் ஷோரூம் படியேறினேன். ஷோரூம் பெயர் வேண்டாம்.

"125 ஸ்டாக் இல்ல சார், மூணு மாசம் ஆகும். அதுவுமில்லாம உங்க பர்சனாலிட்டிக்கு அது அங்கிள் வண்டி சார்" என்றான் சேல்ஸ் தம்பி. எனக்கு 38 வயது. அந்த 'அங்கிள்' நன்றாகவே வேலை செய்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு 200 சிசி நின்றது. "உடனே டெலிவரி. லிட்டருக்கு 50 அசால்ட்டா கொடுக்கும்."

டெஸ்ட் ரைடு என்று ஒன்று கொடுத்தார்கள். ஞாயிறு காலை 8 மணி, ஷோரூமுக்குப் பின்னால் ஆளில்லாத தெருவில், நான் மட்டும், இரண்டே சுற்று. பெண் பார்க்கப் போய் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய மாதிரி. அன்றைக்கே 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். இரண்டு நாளில் மனசு மாறிப் போய்க் கேட்டபோது, "கேன்சல் பண்ணா அட்வான்ஸ் வராது சார்" என்றார்கள். கொடுத்த ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

வண்டி வந்த முதல் திங்கட்கிழமை, விஜயநகர் சிக்னலில் தெரிந்துவிட்டது. நின்றால் கால் நுனி மட்டும்தான் தரையைத் தொடுகிறது. பின்னால் ஆள் இருக்கும்போது 150 கிலோ வண்டியைப் பெருவிரலில் தாங்குவது சர்க்கஸ். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் இன்ஜின் சூடு முழங்காலைச் சுடுகிறது. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகிறது. இந்த ஊரில் டூவீலருக்கு 2023 நவம்பரிலிருந்து வேக வரம்பே 50தான். 130 போகிற வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பின் சீட்டு தனியாக, உயரமாக இருந்தது. மனைவி ஒரே நாள் ஏறினாள். "என்னங்க, இது வண்டியா ஏணியா?" அடுத்த மழையில், தண்ணீர் தேங்கிய இடத்தில் பள்ளம் தெரியாமல் காலூன்றினேன். கால் எட்டவில்லை, இருவரும் சாய்ந்தோம். அடி பெரிதில்லை. ஆனால் அதோடு அவள் ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டாள்.

மைலேஜ் 33. மாதம் 800 கிலோமீட்டருக்கு 24 லிட்டர் ஆகிறது. 50 கொடுக்கிற வண்டியாக இருந்தால் 16 லிட்டரில் முடிந்திருக்கும். மாதாமாதம் 800 ரூபாய் தண்டம்.

பில்லைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 'ஹேண்ட்லிங்' 1,500 ரூபாய். எதைத் தூக்கி இறக்கினார்களோ தெரியாது. சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் 'சேலை கார்டு'க்கு 1,100. பின் சக்கரத்தில் அந்தத் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் வண்டியோடு வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஹெல்மெட்டும் வாங்கும்போதே தரப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அதையும் விலைக்கே விற்றார்கள். இன்சூரன்ஸ் "இங்கதான் போடணும்" என்றார்கள், பொய். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்தான், ஆனால் எந்த கம்பெனியில் போடுவது என்பது நம் விருப்பம். வரியிலும் அடி: தமிழ்நாட்டில் இப்போது 1 லட்சம் வரை விலையுள்ள டூவீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், தாண்டினால் 12. நான் கேட்ட 125 சிசி வண்டி ஒரு லட்சத்துக்குள் இருந்தது, வாங்கியது தாண்டியது.

வயிறு எரிந்தது இதற்கல்ல. அதே மாதம் ஆபீஸ் நண்பர் அதே ஷோரூமில் 125 புக் பண்ணி, நாலே நாளில் ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தேகத்தில் என் ஆர்சியை எடுத்துப் பார்த்தேன். தயாரித்த மாதம், வாங்கிய தேதிக்கு 9 மாதம் முன்னால். விற்காமல் கிடந்த வண்டியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் தயாரித்த மாதம், வருடத்தைக் கேளுங்கள், விற்பனைச் சான்றான படிவம் 21-இல் அது இருக்கும். 'ஸ்டாக் இல்லை' என்றால் இன்னொரு ஷோரூமுக்கு ஒரு போன் போடுங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். ஹேண்ட்லிங்கும் சேலை கார்டு காசும் திரும்பி வந்தது, மற்றதெல்லாம் போனது போனதுதான்.

இப்போது வண்டியை விற்கப் போட்டிருக்கிறேன். போன வாரம் ஒருவர் வந்தார், என் உயரம்தான் இருப்பார். தனியாக ஒரு சுற்று போய்விட்டு வந்து, "சூப்பரா இருக்கு சார், அட்வான்ஸ் குடுக்கட்டுமா?" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டம்மாவையும் கூட்டி வாங்க, விஜயநகர் சிக்னல் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கொடுங்க என்றேன். ஆள் வரவே இல்லை.